1985ஆ, 2013ஆ: சிங்கப்பூர்க் காசுகளின் நவீன காலம்

பிலடெல்பியா நாணயச் சாலையில் 2025 நவம்பர் 12 அன்று புழக்கத்துக்கான கடைசி ஒரு சென்ட் காசு அடிக்கப்பட்டதோடு 1793இல் தொடங்கிய ஒரு மரபு முடிந்துவிட்டதால், அமெரிக்க நாணயங்களின் நவீன காலம் எது என்னும் பழைய வழக்கு சேகரிப்பாளரிடையே மீண்டும் எழுந்துள்ளது. பெரும்பாலோர் 1965ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தையே எல்லையாகக் கொள்வர். பத்து, இருபத்தைந்து சென்ட் காசுகளிலிருந்து வெள்ளி உலோகம் அறவே நீங்கியதும், அரை டாலரில் 40 விழுக்காடாகச் சுருங்கியதும் அச்சட்டத்தால்தான். நினைவு நாணயம் சேர்ப்போர் மட்டும் 1982ஆம் ஆண்டின் வாஷிங்டன் அரை டாலரிலிருந்து கணக்கைத் தொடங்குவர்.

உலோகம் என்னும் இந்த அளவுகோலை அப்படியே சிங்கப்பூருக்கும் பொருத்துவதை இவ்விதழ் ஏற்பதற்கில்லை. மலாயாவின் ஐந்து, பத்து, இருபது காசுகள் 1948இலேயே செப்பு நிக்கலுக்கு மாறிவிட்டன. 1967 நவம்பரில் சிங்கப்பூரின் முதல் தொடர் வெளிவந்தபோது நீக்குவதற்கு வெள்ளியே இல்லை. பின்வந்த மாற்றங்களைக் கணக்கில் எடுத்தாலோ, 1971இன் அலுமினிய ஐந்து காசும், 1976 முதல் எஃகின்மேல் செம்பு பொதிந்து வந்த ஒரு காசும் முதல் தொடரையே துண்டு துண்டாக்கிவிடும். பல அடுக்கு முலாமிட்ட எஃகால் கனடாவில் அடிக்கப்பட்டு 2013 ஜூன் 25 அன்று வெளியான மூன்றாம் தொடர்தான் அந்த அளவுகோலுக்கு ஓரளவு பொருந்தும். அப்படிக் கொண்டால் சிராங்கூன் சாலைப் பூக்கடைக் கல்லாவில் இன்றும் கிடைக்கும் மல்லிகைப் பத்து காசு பழங்காசாகிவிடும்.

உண்மையான எல்லை 1985. ஸ்டூவர்ட் டெவ்லின் வடிவமைத்த முதல் தொடரில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. நான்கு மொழிகளும் ஆட்சிமொழிகள் எனச் சட்டம் 1965இலேயே கூறியிருந்தும், காசில் அவை ஏறுவதற்குக் கிறிஸ்டோபர் அயர்ன்சைடின் மலர்த் தொடர் வரவேண்டியிருந்தது. தேசியச் சின்னத்தைச் சுற்றி நான்கு மொழிகளிலும் பெயர் பொறிக்கப்பட்ட அத்தொடரின் ஒரு காசு 15.9 மில்லிமீட்டர் குறுக்களவே கொண்டது. அந்த வட்டத்தின் ஓரத்தில் ‘சிங்கப்பூர்’ என்னும் சொல்லைச் சிதையாமல் அமைப்பது எளிதன்று; பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தால், கைபட்டுத் தேய்ந்த காசுகளில் மெய்யெழுத்துகளின் புள்ளிகளே முதலில் மழுங்கியிருப்பது தெரியும். தேய்மானத்தை மதிப்பிட இதைவிட நுண்ணிய இடம் அக்காசில் இல்லை என்றாலும், தரமதிப்பீட்டாளர் மலரின் இதழ்களையே பார்க்கின்றனர்.

உலக நாணயப் பட்டியல்களின் போக்கு இதனினும் விந்தையானது. தேசியச் சின்னத்தின் அடியிலுள்ள நாடாவின் வளைவு 1992இல் மாறியபோது காசு ஒவ்வொன்றுக்கும் புதிய வகை எண் வழங்கிய பட்டியல்கள், ஒரு மொழிக் காசு நான்கு மொழிக் காசான 1985ஐ வெறும் வடிவ மாற்றமாகவே பதிந்து நகர்ந்துவிட்டன. மலரை வரைந்தவருக்குப் பட்டியலில் இடம் உண்டு. எழுத்தை வரைந்தவருக்கு ஒரு பத்திகூட இல்லை. முத்திரையிட்ட தரமதிப்புப் பெட்டியின் சீட்டு ஆண்டையும் மதிப்பையும் தரத்தையும் ஆங்கிலத்தில் சொல்லி நின்றுவிடுகிறது. நாணய ஆணையமும் மூன்றாம் தொடரை வெளியிட்டபோது எஸ்பிளனேட், சாங்கி விமான நிலையம், துறைமுகம் போன்ற அடையாளங்களையும் பாதுகாப்புக் கூறுகளையும் முன்னிறுத்தியதே தவிர, தொடர்ந்து வந்த நான்கு மொழி வாசகத்தைப் பேசுபொருளாக்கவில்லை. வாசகத்தைப் படிப்பதே நாணயவியலின் முதல் பாடம். சோழர் காசாயின் எழுத்தை முதலில் படிப்பவர்கள், தங்கள் சட்டைப்பையிலுள்ள காசின் எழுத்தைப் படிக்க மறுப்பது ஏன் என்று பட்டியல் தொகுப்போர்தாம் விளக்க வேண்டும்.

ஆகவே இவ்விதழின் விலைப்பட்டியல் அடுத்த இதழ் முதல் ஒரு மொழிக் காலம், நான்கு மொழிக் காலம் என்னும் இரு பிரிவுகளாக அமையும். 2013 இரண்டாவதன் உட்பிரிவாகவும், 2002இல் வெளியீடு நின்ற ஒரு காசு அதன் முற்பகுதியிலும் இடம்பெறும். 1985 என ஆண்டு பொறித்த காசுகள் இரு தொடர்களிலும் உள்ளமையால், விவரம் அனுப்பும் வணிகர்கள் ஆண்டை மட்டும் எழுதாமல் வாசகத்தையும் முழுமையாகக் குறிப்பிட வேண்டும். அது இல்லாத விவரங்கள் திருப்பி அனுப்பப்படும்.