ஒற்றைக் கேபிளை நம்பிய நாடு

2022 ஜனவரி 15 மாலை. பசிபிக் தீவு நாடான டோங்காவின் கடலுக்கடியில் எரிமலை வெடித்தது. சாம்பல் மழையும் சுனாமியும் தீவுகளைத் தாக்கிய கொஞ்ச நேரத்தில் நாட்டின் குரலே அடங்கிப்போனது. ஃபிஜியிலிருந்து 827 கிலோமீட்டர் தூரம் கடலடியில் வரும் ஒரே ஃபைபர் கேபிள் அறுந்திருந்தது. உறவினர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் ஆக்லாந்திலும் சிட்னியிலும் டோங்கர்கள் நாள்கணக்கில் தவித்தார்கள்.

பணமும் நின்றது.

சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் இந்த நாட்டில், வெளிநாட்டு உறவினர்கள் அனுப்பும் தொகை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும். நியூசிலாந்துத் தோட்டத்தில் பழம் பறிக்கும் மகன் பணம் கட்டிவிட்டு, ஓர் எண்ணைச் சொல்வான். தாய் அந்த எண்ணையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு தலைநகர் நுகுஅலோஃபாவில் உள்ள கடைக்குப் போவார். கவுன்டரில் இருப்பவர் எண்ணைத் தட்டியதும் வெளிநாட்டு சர்வர் சரி என்று சொன்னால்தான் ரொக்கம் கைக்கு வரும். மாவு மூட்டை, கூரைத் தகடு, பள்ளிச் செலவு, தேவாலயக் காணிக்கை எல்லாமே அதில்தான். இணைப்பு இல்லாவிட்டால், பணம் வந்தும் வராத கதை.

பழுதுபார்க்க 'ரிலையன்ஸ்' என்ற கப்பல் பப்புவா நியூ கினியிலிருந்து வரவேண்டியிருந்தது. தலைநகர் இருக்கும் தீவுக்கு இணைப்பு திரும்ப ஐந்து வாரத்துக்கு மேல் ஆனது. வடக்கே உள்ள வவாவு தீவுக்கூட்டத்துக்குப் போகும் உள்நாட்டுக் கேபிள் சீராக ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு! அதுவரை செயற்கைக்கோள்தான் கைகொடுத்தது. ஆபத்துக்கு அது உதவும். ஒரு நாட்டின் வங்கி, வணிகம், மருத்துவமனை மொத்தத்தையும் தாங்காது.

இத்தனைக்கும் 2019 ஜனவரியிலேயே இதே கேபிள் அறுந்து, நாடு கிட்டத்தட்ட இரண்டு வாரம் திண்டாடியது. அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து எரிமலை வெடித்தபோதும் மாற்றுக் கேபிள் இல்லை.

லாபக் கணக்குப் போட்டால், ஒரு லட்சம் வாடிக்கையாளருக்கு இன்னொரு கேபிள் கட்டுப்படியாகாதுதான். ஆனால் துறைமுகத்தையும் சாலையையும் யாரும் அப்படி மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. பசிபிக் கடலைக் கடக்கும் ஹவாய்கி கேபிளிலிருந்து வவாவுக்குக் கிளை இழுக்கும் திட்டத்துக்கு ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் நிதி தர முன்வந்திருப்பது நியாயமான செயல். அந்த நாடுகளின் தோட்டங்களில் அறுவடை நடப்பது டோங்கர்களின் உழைப்பாலும்தான். கேபிளைப் போட்டதோடு அந்த இரு அரசுகளும் ஒதுங்கிவிடக் கூடாது. பராமரிப்புச் செலவு டோங்கர்களின் மாதக் கட்டணத்தில் ஏறாமல், அதிலும் அவை பங்கேற்க வேண்டும்.