பிள்ளையார் படத்துக்குப் பின்னால்

எதிர் வீட்டு அம்மாள் போன வாரம் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். பூஜை அறையில், பிள்ளையார் படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தியிருந்த காகிதம். மகன் பி.காம். தேறிய கையோடு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துகொண்டதற்கான அட்டை.

"ஆறு வருஷம் ஆச்சு, தம்பி. ஒரு கடுதாசிகூட வரலையே! நீங்க பத்திரிகைக்காரர், என்ன ஏதுன்னு பார்த்துச் சொல்லுங்களேன்" என்றார்.

வாங்கிப் பார்த்தேன், பகீரென்றது. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பையன் ஒரு தடவைகூடப் புதுப்பிக்கவில்லை. பதிவு எப்போதோ காலாவதியாகிவிட்டது. பிள்ளையார் காத்து வந்தது வெறும் காகிதத்தைத்தான்!

அதனால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? விடாமல் புதுப்பித்து ஐந்து ஆண்டுகள் காத்திருப்பவருக்குத் தமிழக அரசு உதவித்தொகை தருகிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பத்தாவது தேறியவருக்கு மாதம் 300 ரூபாய், பன்னிரண்டாவதற்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று ஆண்டுகள் கிடைக்கும். மாற்றுத்திறனாளிகளானால் ஓராண்டு காத்திருந்தாலே போதும். 600 ரூபாய் காய்கறிக்கே காணாதுதான். ஆனால் பரீட்சைக் கட்டணத்துக்கும் பஸ் சார்ஜுக்கும் அப்பாவிடம் கை நீட்டாமல் இருக்கலாமே! வேலையில்லாத பிள்ளைக்கு அது சின்ன விஷயமா?

சரி, கடுதாசி ஏன் வரவில்லை? யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்காக 1945-ல் தோன்றிய அலுவலகங்கள் இவை. 1948-ல் எல்லாருக்கும் கதவு திறந்தது. காலியிடங்களை இங்கே தெரிவிக்க வேண்டும் என்று 1959-ல் சட்டம் வந்தது. அனுப்பிய ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. பத்திரிகையிலும் விளம்பரம் செய்து மற்றவர்களையும் பரிசீலிக்க வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது. இன்று பெரும்பாலான அரசு வேலைகளுக்குப் போட்டித் தேர்வுதான் வழி. தபால்காரரை எதிர்பார்த்துப் பயனில்லை.

அந்தத் தேர்வுக்கும் அதே அலுவலகத்தில் துணை உண்டு. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் 'தன்னார்வப் பயிலும் வட்டம்' என்று ஒன்று நடக்கிறது. போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி. தனியார் நிறுவனங்கள் நேரில் வந்து ஆள் எடுக்கும் முகாம்களும் நடத்துகிறார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "புதுப்பிக்கணும்னு எனக்குத் தெரியாமப் போச்சே, தம்பி. சும்மா இருக்கான், சும்மா இருக்கான்னு அவனைத்தானே தினம் கரிச்சுக் கொட்டினேன்!" என்றார். கண் கலங்கியிருந்தது.

மறுநாளே பையன் புதிதாகப் பதிந்துவிட்டான். பயிலும் வட்டத்துக்கும் போகிறான். அம்மாள் என்ன செய்திருக்கிறார், தெரியுமா? மூன்று வருஷம் கழித்து வரும் தேதியைச் சமையலறை அலமாரிக் கதவில், பால் கணக்குக்குப் பக்கத்திலேயே, பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் அட்டை இருக்கிறதா? இன்றைக்கே எடுத்துத் தேதியைப் பாருங்கள்.