சூளை நமக்கு, ஆடுகளம் யாருக்கு?

பிரெஞ்சு ஓபன் டென்னிஸ் களிமண் தரையில் நடக்கிறது என்று ஆண்டுதோறும் செய்தி படிக்கிறோம். அந்தத் தரையின் மேலே இருப்பது களிமண் அல்ல, செங்கல் பொடி. பாரிஸ் ரோலண்ட் கேரோஸ் மைதானத்தில் கல்லும் சரளையும் சுண்ணாம்புக்கல்லும் அடுக்கடுக்காகப் போட்டு, அதன்மேல் ஓரிரு மில்லிமீட்டர் கனத்துக்கு அரைத்த செங்கல்லைத் தூவுகிறார்கள். 2025 ஜூனில் கறுப்பினப் பெண் கோகோ காஃப் பட்டம் வென்றது அந்தச் சிவப்புப் பொடியின் மேல்தான்.

மதுரைக்காரர்களுக்குச் செங்கல்லை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. திருப்புவனம், மானாமதுரைப் பக்கம் போய்ப் பாருங்கள். மண்ணைக் குழைத்து, கல் அறுத்து, பச்சைக்கல்லைக் காயவைத்து, சூளை அடுக்கி, வெந்த கல்லைத் தலையில் சுமக்கிறார்கள். பெரும்பாலும் நிலமில்லாத தலித், பழங்குடிக் குடும்பங்கள். முன்பணம் வாங்கிய நாளிலிருந்து புருஷன், பெண்டாட்டி, பிள்ளை எல்லோரும் சேர்ந்து கழிக்க வேண்டும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. பச்சைக்கல்லைத் திருப்பிப் போடுவது பிள்ளைகளின் வேலையாகிவிடுகிறது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. முன்பணம் மட்டும் ஒழியவே இல்லை.

நான் கேட்பது இதுதான். உலகத்தின் ஒரு மூலையில் செங்கல் பொடியின் மேல் பெண்கள் பந்தடித்துக் கோடிகளில் சம்பாதிக்கிறார்கள். செங்கல் அறுக்கும் வீட்டுப் பெண்பிள்ளை இங்கே ஒரு மட்டையைத் தொட்டுப் பார்க்க எங்கே போவாள்?

"திறமை இருந்தால் யாரும் வரலாம்" என்று உடனே சொல்வார்கள். சரி, திறமையைப் பற்றியே பேசுவோம். டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடிய ரேவதி வீரமணி, மதுரை சக்கிமங்கலத்துப் பெண். பெற்றோரை இழந்த அவரையும் தங்கையையும் வளர்த்த பாட்டி, காட்டு வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போனவர். பேத்திகளையும் வேலைக்கு அனுப்பச் சொன்ன சொந்தக்காரர்களின் பேச்சைக் கேட்காதவர். ரேவதி வெறுங்காலில் ஓடத் தொடங்கினார். ஒரு பயிற்சியாளர் கண்டுபிடித்தார். பயிற்சிக்கு ரேஸ்கோர்ஸ் மைதானம் இருந்தது. ஒரு பாட்டி, ஒரு பயிற்சியாளர், ஒரு பொது மைதானம். சூளை வேலை செய்த வீட்டிலிருந்து ஒலிம்பிக் போக இவ்வளவும் வேண்டியிருந்தது. இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தால் அந்தத் திறமை நம் கண்ணில் பட்டிருக்குமா?

ஓட்டத்துக்குக் கால் இருந்தால் தொடங்கிவிடலாம். டென்னிஸுக்கு முதலில் ஒரு கேட்டைத் தாண்ட வேண்டும். உள்ளே கிளப், உறுப்பினர் கட்டணம், ஆயிரக்கணக்கில் மட்டை, மாதாமாதம் பயிற்சிக் கட்டணம். அதற்கப்புறம் தரவரிசைப் புள்ளிகளுக்காக ஊர் ஊராக, நாடு நாடாகப் பயணம். கேட்டுக்கு வெளியே வடிகட்டி முடித்துவிட்டு, உள்ளே மிச்சமிருப்பவர்களைப் பார்த்து 'தகுதி' என்கிறார்கள். நீட் தேர்வில் நாம் பார்த்த அதே தகுதிதான் இது.

சென்னை ஓபன் பெண்கள் டென்னிஸ் 2022இலும் 2025இலும் நுங்கம்பாக்கத்தில் நடந்தது. மைதானம் அரசினுடையது, நிதியும் அரசு கொடுத்தது. நடத்தட்டும், பெண்கள் ஆடுவது நல்லதே. ஆனால் அந்தப் போட்டியின் பெயரால் வைகைக் கரையில் ஒரு சேரிக்காவது ஒரு தளம் வந்ததா? அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் ஏறுதழுவுதல் அரங்கம் கட்ட 60 கோடி ரூபாய்க்கு மேல் செலவானது. 2024 ஜனவரியில் திறந்தார்கள். அங்கே மாடு பிடிப்பது ஆண்கள் மட்டும். ஆண்களின் வீரத்துக்கு அரங்கம் கட்டும் ஊரில், பெண்பிள்ளை வயதுக்கு வந்ததும் அவளுடைய விளையாட்டு முடிந்துவிடுகிறது. பெண்ணின் உடம்பைக் கட்டிக் காப்பதில்தான் சாதி பிழைத்திருக்கிறது. ஆகவே அவள் ஓடுவதும் குதிப்பதும் அரைப்பாவாடையில் பந்தடிப்பதும் சாதிக்கு ஆகாத காரியங்கள்.

"டென்னிஸ் மேட்டுக்குடி விளையாட்டு, நமக்கெதற்கு?" என்று தோழர்கள் சிலரே கேட்பார்கள். மகத் குளத்துத் தண்ணீரைக் குடிக்காவிட்டால் செத்துப்போவோம் என்று 1927இல் அண்ணல் அம்பேத்கர் அங்கே போகவில்லை. நாமும் மனிதர்கள் என்று நிறுவத்தான் போனார். விலக்கிவைக்கப்பட்ட இடம் என்பதே உள்ளே போவதற்குப் போதுமான காரணம்.

அதே 1927இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் பருத்திக்காட்டுக் குத்தகைக் குடும்பமொன்றில் ஆல்தியா கிப்சன் பிறந்தார். குடும்பம் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே போக்குவரத்தை மறித்துப் பிள்ளைகள் விளையாட விட்ட ஒரு தெருவில் அவர் மட்டை பிடிக்கப் பழகினார். கறுப்பினத்தவரின் டென்னிஸ் கிளப்பில் அவரைச் சேர்க்க அக்கம்பக்கத்தார் காசு திரட்டினார்கள். வெள்ளையர் சங்கம் சேர்க்காத காலத்தில், 1916லேயே கறுப்பினத்தவர் தமக்கென டென்னிஸ் சங்கம் கட்டித் தேசியப் போட்டி நடத்திவந்தார்கள். ஆல்தியா வளர்ந்தது அதில்தான். 1956இல் அதே ரோலண்ட் கேரோஸில், கிராண்ட் ஸ்லாம் பட்டம் வென்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். கோகோ காஃபுக்கு 69 ஆண்டு முன்னால் திறந்த கதவு அது. வெள்ளையரின் கருணை மட்டும் அதைத் திறந்துவிடவில்லை. ஒரு தெருவும் ஒரு சங்கமும் நாலு பேர் போட்ட சில்லறையும் சேர்ந்து தள்ளியதால் திறந்தது.

'காலனி' என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அரசு 2025இல் அறிவித்தது. ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் வைத்தது. பெயர் மாறியதை வரவேற்கிறேன். ஆனால் விளையாட்டு மைதானம் இன்னும் ஊர்ப்பக்கம்தானே இருக்கிறது? நம் பிள்ளை உள்ளே வந்தால் முறைக்கும் கண்களும் அங்கேதானே இருக்கின்றன? மதுரை மாவட்டத்தின் ஒவ்வொரு சமூகநீதி விடுதி வளாகத்திலும் ஒரு மண் தளம் போடுங்கள். நம்மூர் மண்ணைச் சலித்து, உருளை ஓட்டி, தினமும் தண்ணீர் தெளித்தால் ஆடலாம். மட்டையும் பந்தும் சம்பளத்துக்கு ஒரு பயிற்சியாளரும் கொடுங்கள். பெண்பிள்ளைகளுக்கு முதல் மணி நேரத்தை ஒதுக்குங்கள்.

தோழர்களே, மே 1 அன்று கிராம சபை கூடும். சேரிப்பக்கம் பொது மைதானம் வேண்டும், அதில் பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரம் வேண்டும் என்று தீர்மானம் எழுதிக்கொண்டு போங்கள். பதிவேட்டில் ஏற்றும் வரை எழுந்திருக்காதீர்கள்.