களத்தில் விற்றுக் கடையில் வாங்கலாமா?

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது" என்பது பழமொழி. இன்றைய சிறு விவசாயி வீட்டில் உழக்கு மிஞ்சாததற்கு வயல் மட்டும் காரணமல்ல. மிஞ்ச வேண்டிய அந்த உழக்கையும் களத்து மேட்டிலேயே வியாபாரிக்கு அளந்துவிட்டு, அதையே பாக்கெட்டில் அடைத்து வைத்திருக்கும் மளிகைக் கடையில் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோம். கடலை விளைவித்தவர் எண்ணெய் பாக்கெட் வாங்குகிறார். உளுந்து விளைவித்தவர் இட்லி மாவு பாக்கெட் வாங்குகிறார். மிளகாய் பயிரிட்டவர் மிளகாய்த் தூள் வாங்குகிறார். இது சரிதானா என்று உழவர் பெருமக்கள் ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வாரக் கடைசியில் மளிகைப் பற்று ஏறும்போது, "வீட்டில் சிக்கனம் போதாது" என்று பெண்களைக் குறை சொல்வது பல குடும்பங்களில் வழக்கமாக இருக்கிறது. இது நியாயமல்ல. மளிகைச் செலவு அடுப்படியில் தீர்மானமாவதில்லை. எந்தப் பயிரை எவ்வளவு போடுவது, விளைந்ததில் எவ்வளவு விற்பது என்று முடிவு செய்யும்போதே அது தீர்மானமாகிவிடுகிறது. வயல் முழுவதும் மக்காச்சோளமும் பருத்தியும் போட்டுவிட்டு, அடுப்படியில் சிக்கனம் தேடினால் எங்கிருந்து வரும்? பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் நன்றாக விளைகிறது. ஆனால் அது கோழித் தீவனத்துக்குப் போகிற சரக்கு. வீட்டுக்குப் பருப்பு வேண்டுமானால் ஓரத்தில் துவரை நின்றிருக்க வேண்டும்.

பணம் எங்கே போகிறது?

மத்திய அரசு 2022-23ஆம் ஆண்டில் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. இந்தியக் கிராமங்களில் ஒரு குடும்பம் செலவிடும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் ஏறத்தாழ 46 ரூபாய் உணவுக்குப் போகிறது என்று அது கூறுகிறது. அதில் அரிசி, கோதுமை முதலிய தானியங்களுக்கு ஆவது 5 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. டீ, குளிர்பானம், பலகாரம், பாக்கெட் தின்பண்டம் போன்றவற்றுக்கு ஆவது 9 ரூபாய்க்கும் மேல். தானியச் செலவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, கடைத் தின்பண்டத்துக்கும் பானத்துக்கும் போகிறது! சோற்றுச் செலவு நம்மை அழுத்துகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் பை கரைவது வேறு இடத்தில்.

ஆகவே சிக்கனம் என்றால் வயிற்றைச் சுருக்குவது என்று யாரும் எண்ண வேண்டாம். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. பருப்பையும் கீரையையும் குறைத்துச் சேர்க்கும் பணம், பிறகு மருத்துவச் செலவாகப் போகும். குறைக்க வேண்டியது பாக்கெட்டையே அன்றிப் பருப்பை அல்ல.

வீட்டுப் பங்கு முதலில்

முன்பெல்லாம் அறுவடையானதும் விதைக்கு எடுப்பார்கள், பிறகு வீட்டுக்கு எடுத்துக் குதிரில் கொட்டுவார்கள், மீதியைத்தான் விற்பார்கள். இந்த வரிசை இப்போது தலைகீழாகிவிட்டது. முதலில் விற்கிறோம், வீட்டுக்கு எடுப்பதே இல்லை. பழைய வரிசைக்குத் திரும்ப வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வீட்டுப் பங்கு எவ்வளவு? நான்கு பேர் உள்ள குடும்பத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உளுந்து: வாரம் இருமுறை மாவு ஆட்டினால், வேளைக்கு கால் கிலோவாக வாரம் அரைக் கிலோ ஆகும். ஆண்டுக்கு 52 வாரம், 26 கிலோ. 100 கிலோ மூட்டையில் இது ஏறத்தாழ கால் பங்குதான்.

துவரை: பருப்பு வாரம் அரைக் கிலோ என்றால் ஆண்டுக்கு 26 கிலோ. நியாய விலைக் கடையில் மாதம் 1 கிலோ பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது ஆண்டுக்கு 12 கிலோ. மீதி 14 கிலோவுக்கு, 100க்கு 70 பங்கு பருப்பு தேறும் என்று வைத்துக்கொண்டால், 20 கிலோ துவரை ஒதுக்கினால் போதும். வயல் ஓரத்திலும் வரப்பிலும் நிற்கும் செடிகளே இதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும்.

எண்ணெய்: வாரம் அரை லிட்டர் என்றால் ஆண்டுக்கு 26 லிட்டர். நியாய விலைக் கடையில் மாதம் 1 லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மீதி 14 லிட்டர். செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். காயாகச் சொன்னால் மூன்றரைக் கிலோ. ஆக, 50 கிலோ காய் ஒதுக்கினால் ஆண்டுக்குப் போதும்.

செக்கு எண்ணெய் பாமாயிலைவிட மலிவு என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவர்கள் கணக்கைச் சரியாகப் போடவில்லை. ஆனால் கடலை எண்ணெய்தான் வேண்டும் என்று கடையில் வாங்குகிறவர்கள் தங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்க்கட்டும். மூன்றரைக் கிலோ காயின் களத்து விலை, அதோடு செக்குக் கூலி. இதிலிருந்து ஒரு கிலோவுக்கு மேல் கிடைக்கும் புண்ணாக்கின் விலையைக் கழித்துக்கொள்ள வேண்டும். கறவை மாடு உள்ள வீட்டில் அந்தப் புண்ணாக்கு, மாட்டுத் தீவனச் செலவையும் சேர்த்துக் குறைக்கும்.

"கடன் கொடுத்தவர் களத்திலேயே வந்து நிற்கிறார், எதை ஒதுக்குவது?" என்று பலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மேலே சொன்ன மூன்றையும் கூட்டினால் மொத்தம் 96 கிலோ. விளைச்சல் முழுவதையும் நிறுத்தி வைக்கச் சொல்லவில்லை. இந்த ஒரு மூட்டை அளவைக் கடன்காரருக்கு முன்னால் எடுத்து வையுங்கள் என்றுதான் சொல்கிறோம். கூடுதலாகச் சரக்கு உள்ளவர்கள், விலை இல்லாத காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறும் வசதியைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

வரப்பும் கொல்லையும்

நெல் சாகுபடி செய்பவர்கள் வரப்பை வெறுமையாக விடக் கூடாது. வரப்பில் உளுந்தும் தட்டைப்பயறும் ஊன்றலாம். அவை வீட்டுக்குப் பயறு தருவதோடு, நெற்பயிரின் பூச்சிகளைத் தின்னும் பொறிவண்டு, சிலந்தி முதலியவற்றுக்குத் தங்குமிடமாகவும் இருக்கும். டெல்டாப் பகுதியில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஏழெட்டு நாள் முன்னதாக ஈரத்திலேயே உளுந்து தெளிக்கும் வழக்கம் உண்டு. அதை விட்டவர்கள் மீண்டும் தொடங்கலாம். பயறுவகை வேர்முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும்.

காய்கறிக்கு ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 300 கிராம் என்று வைத்தாலும் நான்கு பேருக்கு வாரம் 8 கிலோவுக்கு மேல் ஆகிறது. வீட்டருகே இரண்டு சென்ட் இருந்தால், அதாவது 870 சதுர அடி இருந்தால், இதில் பெரும்பகுதியை ஈடுகட்டலாம். வேலியோரம் முருங்கை இரண்டு, அகத்தி நான்கு, கறிவேப்பிலை ஒன்று, சுண்டை ஒன்று வையுங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம். 1 முருங்கை ஓர் ஆண்டுக்குள்ளேயே காய்க்கும். பந்தலில் அவரை, பீர்க்கன், புடலை ஏற்றலாம். கீரையை ஒரே நாளில் விதைக்காமல் பத்து நாளுக்கு ஒரு பாத்தியாக விதையுங்கள். சிறுகீரை 25, 30 நாளில் பறிப்புக்கு வரும். குளிக்கும் தண்ணீர் போகும் வழியில் வாழை நிற்கட்டும். ஒரு எச்சரிக்கை: மருந்து அடித்த வயலின் வரப்பில் கீரை பறிக்காதீர்கள்.

வைக்கத் தெரிய வேண்டும்

ஒதுக்கிய பயறு மூன்றே மாதத்தில் வண்டு விழுந்து மாவாகிப் போனால், அடுத்த ஆண்டு யாரும் ஒதுக்க மாட்டார்கள். பயறு வண்டு வயலிலேயே நெற்றின்மேல் முட்டை இட்டுவிடும். பயறோடு சேர்ந்து வீட்டுக்கு வந்து பெருகும். எனவே நல்ல வெயிலில் நன்றாகக் காயப்போடுங்கள். கடித்தால் 'நறுக்'கென்று உடைய வேண்டும். காய்ந்ததைச் சூட்டோடு கட்டி வைக்காமல் ஆறவிட்டுப் பிறகு கொட்டுங்கள். கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி கடலை எண்ணெயோ விளக்கெண்ணெயோ விட்டுப் பிசறி வைத்தால் வண்டு முட்டையிடுவது குறையும். துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்து உடைப்பது நம் பெரியவர்கள் கண்ட வழி. முழுப் பயறைவிட உடைத்த பருப்பில் இந்த வண்டு பெருகுவது குறைவு.

கேழ்வரகு வைத்திருப்பவருக்கு இந்தக் கவலையே இல்லை. நன்கு காய்ந்த கேழ்வரகு ஆண்டுக்கணக்கில் பூச்சி விழாமல் இருக்கும். காலையில் கூழோ களியோ உள்ள வீட்டில் ரொட்டி பாக்கெட்டுக்கு வேலை இல்லை.

வீட்டுக்குள் வைக்கும் உணவுத் தானியத்தில் வண்டு மாத்திரை போடவே கூடாது. அதிலிருந்து வரும் நச்சுப் புகை தூங்குகிறவர்களையே கொன்றுவிடும்.

விலைக்கு வாங்க வேண்டியதையும் வாரா வாரம் வாங்காமல் பருவத்தில் வாங்குங்கள். மாசி, பங்குனியில் புளி வரும். கொத்தமல்லியும் மிளகாயும் அறுவடையாகும் காலம் தை முதல் சித்திரை வரை. கோவில்பட்டி, விளாத்திகுளம், ராமநாதபுரம் பக்கத்துச் சரக்கு அப்போது சந்தைக்கு வரும். இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொண்டு, காயவைத்து, மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளலாம். கொத்தவரை, சுண்டை, மணத்தக்காளி விலை இல்லாமல் கிடக்கும்போது வற்றல் போட்டால், காய் இல்லாத நாளுக்கு ஆகும்.

வேலை யார் செய்வது?

இந்த யோசனைகளுக்கு எதிராகச் சொல்லக்கூடிய உண்மையான வாதம் ஒன்றே ஒன்றுதான். காயவைப்பது, புடைப்பது, உடைப்பது, ஆட்டுவது எல்லாம் பெண்கள் தலையில் விழும். களையெடுப்பும் நாற்று நடவும் மாட்டு வேலையும் முடித்து வருகிறவரிடம், "பாக்கெட் வாங்காதே, எல்லாம் வீட்டிலேயே செய்" என்று சொன்னால், மிச்சப்படும் பணம் அவருடைய தூக்கத்தை விற்ற பணமாகத்தான் இருக்கும். அந்தச் சிக்கனம் நமக்கு வேண்டாம்.

எனவே ஆண்களுக்குச் சில வேலைகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடலையை உடைத்துச் செக்குக்குக் கொண்டுபோவது, மிளகாய் மல்லியை மில்லில் அரைத்து வருவது, கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சிப் பந்தல் போடுவது, மூட்டையைக் காயவைத்து அள்ளுவது, இவை அவர்கள் பொறுப்பாக இருக்கட்டும். 2011க்குப் பிறகு அரசு கொடுத்த விலையில்லாக் கிரைண்டர் பல வீடுகளில் மூலையில் கிடக்கிறது. அதில் மாவாட்ட ஆண் பெண் பேதம் இல்லை. நான்கு பங்கு புழுங்கலரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. ஒரு கிலோ அரிசியும் கால் கிலோ உளுந்தும் ஏறத்தாழ மூன்று கிலோ மாவாகும். நியாய விலைக் கடை அரிசி விலையில்லாமல் கிடைக்கிற வீட்டில், இந்த மாவுக்கு ஆகும் செலவு உளுந்தும் மின்சாரமும்தான். கடை மாவு விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றையும் வீட்டில் செய்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. உப்பு, கடுகு, பெருங்காயம் கடையில்தான் வாங்க வேண்டும். எதில் பணம் அதிகமாக மிஞ்சி வேலை குறைவாக இருக்கிறதோ, அதில் தொடங்குங்கள்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. பருப்பை விளைவிக்கிற கிராமத்தில் அதை உடைக்க வசதி இல்லாமல், துவரை வெளியூர் போய்ப் பருப்பாகத் திரும்பி வருகிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கந்தோறும் பருப்பு உடைக்கும் சிறு இயந்திரம் ஒன்று வைத்து, குறைந்த கூலிக்கு உடைத்துக் கொடுக்கச் செய்தால் பெண்களின் பாதிப் பாரம் குறையும். கிராம சபைக் கூட்டத்தில் உழவர்கள் இதைக் கோரிக்கையாக வைக்க வேண்டும்.

வரும் அறுவடையில் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். தராசு களத்துக்கு வருமுன் ஒரு சாக்கை எடுத்து ஓரமாக வையுங்கள். விதைக்கு எடுத்தபின் வீட்டுக்கு என்று அதை நிரப்புங்கள். அதன் பிறகு வியாபாரி அளக்கட்டும். அடுத்த அறுவடை வரை மளிகைக் கடைப் பற்றுச் சீட்டுகளை ஒரு கம்பியில் குத்தி வைத்து, சென்ற ஆண்டுப் பற்றோடு கூட்டிப் பாருங்கள். அந்த ஒரு சாக்கின் உண்மையான விலை என்ன என்பதை அந்தச் சீட்டுகளே சொல்லும்.