கழித்தபின் எஞ்சுவது எவ்வளவு?

பேராக் மாநில இரப்பர்த் தோட்டங்களில் மரம் சீவிய நம் தாத்தா பாட்டிமார், வாளி நிறையப் பாலைச் சுமந்துகொண்டு நிறுவைக் கொட்டகைக்கு வருவார்கள். பாலில் பெரும்பகுதி நீர்தான். அந்நீரைக் கழித்தபின் எஞ்சும் உலர்ந்த இரப்பர் எவ்வளவு என்பதே அங்குக் கணக்கு. காற்றிலிருந்து கரிவளியை நீக்கும் இயந்திரங்களையும் நாம் இவ்வாறே அளக்க வேண்டும் என்பது என் கருத்து.

காற்றில் உள்ள 10,000 மூலக்கூறுகளில் ஏறக்குறைய நான்கு மட்டுமே கரிவளி. எனவே, 1 டன் கரிவளியைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 13 இலட்சம் கன மீட்டர் காற்றையாவது இயந்திரம் உள்ளிழுக்க வேண்டும். இதற்கான விசிறி, கரிவளியைப் பற்றும் வடிகட்டி, காற்றுக் கசியாத கதவு, வடிகட்டியைச் சூடாக்கும் அமைப்பு ஆகியவற்றை உருவாக்குபவரே இயந்திர வடிவமைப்புப் பொறியியலாளர். வடிகட்டி மிக அடர்த்தியாக இருந்தால் விசிறிக்கு அதிக மின்சாரம் தேவைப்படும். மிகத் தளர்வாக இருந்தால் கரிவளி நழுவிவிடும். இரண்டையும் சீர்தூக்கிப் பார்ப்பது அவர் பொறுப்பு.

ஐஸ்லாந்து நாட்டில் 2021-ஆம் ஆண்டு 'ஓர்கா' நிலையம் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 4,000 டன் கரிவளியை நீக்கும் வகையில் அது வடிவமைக்கப்பட்டது. ஆனால், நடைமுறையில் அந்த அளவை எட்டவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அல்லவா? இருப்பினும், அது புவிவெப்ப ஆற்றலால் இயங்குகிறது. அதே இயந்திரத்தை மஞ்சோங் நிலக்கரி மின்நிலையத்தின் மின்சாரத்தால் இயக்கினால் என்ன ஆகும்? நீக்கிய கரிவளியில் பெரும்பகுதியை, ஏன், அதைவிட அதிகமாகவே புகைபோக்கி மீண்டும் காற்றில் கலந்துவிடக்கூடும்.

"அப்படியானால், மரம் நட்டால் போதாதா?" என்று சிலர் கேட்பர். மரம் நடுவது நன்றே. ஆனால், மரத்தை வெட்டி எரித்தால் அது சேமித்த கரிவளி மீண்டும் காற்றில் கலந்துவிடும். பழைய தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டதை நாம் காண்கிறோம். ஓர்கா பிரித்தெடுக்கும் கரிவளியோ நீரில் கரைக்கப்பட்டு, நிலத்தடிப் பாறைக்குள் செலுத்தப்பட்டுக் கல்லாக மாறுகிறது. புகையைக் குறைப்பதே நம் முதற்கடமை. எனினும், ஏற்கெனவே காற்றில் கலந்துவிட்டதை நீக்க இயந்திரமும் தேவைப்படும்.

கரிவளியைப் பிரித்தெடுக்கும் ஆய்வுகள் நம் மாநிலத்திலேயே, ஸ்ரீ இஸ்கண்டாரில் உள்ள பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நடைபெறுகின்றன. ஆகவே, கணிதத்திலும் இயற்பியலிலும் ஆர்வமுள்ள தமிழ் மாணவர்கள் இத்துறையைத் தயங்காமல் நாடலாம். இயந்திரம் எவ்வளவு நீக்கியது என்று சொல்பவர் பலர். கழித்தபின் எவ்வளவு எஞ்சியது என்று நேர்மையாகக் கணக்கிடும் பொறியியலாளரே நமக்குத் தேவை.