தாமிரபரணி மீன், யாரோ பெயரில்

கேரளத்துக் கிணற்று மீன் செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். நிலத்தடி நீரில் வாழும் கண்ணில்லாத மீன். வீட்டுக் கிணற்றில் அகப்பட்டதைச் சாதாரண சனங்களே எடுத்துக் கொடுக்க, 2023-ல் அதற்கு ஹோராக்ளானிஸ் பாப்புலி என்று பெயர் வைத்தார்கள். பாப்புலி என்றால் மக்களுடையது என்று அர்த்தமாம்.

"மீனுக்கு லத்தீன்ல பேரு வச்சு என்னலே ஆகப்போவுது?" என்றான் வகுப்புத் தோழன் ஒருவன். ஆகும். நம்ம ஆற்றிலேயே உதாரணம் இருக்கிறது.

1849-ல் ஜெர்டன் என்பவர் காவிரி மீன் ஒன்றுக்கு அருலியஸ் என்று பெயரிட்டார். அதைப் போலவே இருந்தாலும் தாமிரபரணி மீன் கொஞ்சம் வேறு என்று 1954-ல் ஈ.ஜி. சைலஸ் கண்டார். நம்ம ஆற்றின் பெயரையே வைத்தார். ஆனால் தனி இனமாக இல்லை, காவிரி மீனின் துணையினமாக. பிறகுதான் அது தனி இனமானது. 2012-ல் ரோஹன் பெத்தியகொட குழுவினர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் பெயரில் ஏற்படுத்திய டாக்கின்சியா பேரினத்தில் இப்போது இருக்கிறது. (டாக்கின்ஸுக்கும் திருநெல்வேலிக்கும் இப்படி ஒரு சம்பந்தம்!)

வணிகவியல்காரனுக்கு இது கிளைக் கணக்கு சமாச்சாரம். திருநெல்வேலிக் கிளையில் சரக்கு மொத்தமும் தீர்ந்தாலும், தலைமை அலுவலகத்தோடு சேர்த்தே எழுதினால் இருப்பு நிறைய இருப்பதாகத்தான் தெரியும். காவிரியில் மீன் இருக்கும்வரை இங்கே அழிவதை யாரும் கவனிக்கப் போவதில்லை. தனிக் கணக்கு போட்ட பிறகுதான் ஐ.யூ.சி.என். பட்டியலில் இது அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று வந்தது. தாமிரபரணிப் படுகையை விட்டால் இயற்கையில் இதற்கு வேறு ஊர் கிடையாது.

இன்னொரு கூத்து. ஆண் மீனின் முதுகுத் துடுப்பில் நூல் நூலாக நீண்டிருக்கும், பார்க்க அழகு. அதனால் அலங்கார மீன் சந்தையில் உலகம் முழுக்க கிராக்கி. ஆனால் அங்கே 'அருலியஸ் பார்ப்' என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் நம்ம மீன்தான்! திருநெல்வேலி அல்வாவை மைசூர் அல்வா என்று அட்டை ஒட்டி விற்றால் சும்மா இருப்போமா?

பிடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கும் மீன்தானே, வளர்த்து விற்கட்டும். ஆற்றில் பிடித்ததா, தொட்டியில் வளர்த்ததா என்று சீட்டில் எழுதட்டும். கூடவே தாமிரபரணி என்றும்.