மடியில் விழுந்த மகாலட்சுமி: ஒரு வாபஸ் பதிவு

ரொம்ப நாளா கடைப்பக்கம் தலை காட்டலை. ஆணி ஜாஸ்தி. இன்னிக்கு வந்தது மொக்கை போட இல்லை, சண்டை போட. அதுவும் முதல் சண்டை என்னோடயேதான்.

பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். மூணு வருசத்துக்கு முன்னாடி "மடியில் விழுந்த மகாலட்சுமி"ன்னு ஒரு பதிவு போட்டேன். சான் டியேகோ பக்கம் லா ஹோயா கடல்ல கயாக்ல தனியாப் போயி, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீள ஹாலிபட் மீனை உசுரோட தூக்கி மடியில போட்டுக்கிட்ட கதை. அது துள்ளின துள்ளல்ல என் மூக்குக்கண்ணாடி கடலுக்குப் போச்சு, ரெண்டாவது தூண்டிலும் போச்சு. அதையெல்லாம் காமெடியா எழுதியிருந்தேன். "தல, நீங்க சிங்கம்", "கட்டுமரப் பரம்பரைன்னா சும்மாவா"ன்னு பின்னூட்டம் குவிஞ்சுது. நானும் ஒவ்வொண்ணுக்கும் பல்லைக் காட்டி நன்றி சொன்னேன்.

அந்தப் பதிவை நேத்து ராத்திரி தூக்கிட்டேன்.

காரணம் இதுதான். நம்ம ஊருத் தம்பி ஒருத்தன், இங்கே வேலைக்கு வந்து ஒரு வருசம்தான் ஆகுது, அதைப் படிச்சுட்டு செகண்ட் ஹேண்ட்ல ஒரு கயாக் வாங்கியிருக்கான். போன மாசம் விடிகாலையில தனியாப் போனான். நல்ல பெரிய யெல்லோடெயில் ஒண்ணு மாட்டுச்சு. மீன் களைக்கிற வரைக்கும் காத்திருக்கலை. ரீலோட பிரேக்கை முழுசா இறுக்கி, பக்கவாட்டுல குனிஞ்சு, கொக்கிக் கம்பால இழுத்தான். மீன் ஒரு உதை விட்டுச்சு. கயாக் கவுந்துச்சு. லைஃப் ஜாக்கெட் சீட்டுக்குப் பின்னாடி கட்டி வச்சிருந்தது. போன் பையில, பை தண்ணியில. நடுவுல இருக்கிற மூடியைத் திறந்து வச்சிருந்ததால உள்ளே தண்ணி புகுந்து, கயாக்கைத் திருப்பிப் போடவும் முடியலை. நாப்பது நிமிசம் அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அந்தக் குளிர்ல கிடந்திருக்கான். வேற ஒரு கயாக்காரர் தற்செயலாப் பார்த்ததால பொழைச்சான்.

ஆஸ்பத்திரியில போயி பார்த்தப்ப அவன் சொன்ன முதல் வார்த்தை: "அண்ணா, நீங்க எழுதுன மாதிரிதான் பண்ணேன்."

அதுக்கு மேல என்ன பேச?

*

சரி, மேட்டருக்கு வருவோம். என்னோட கட்சி இதுதான்: கயாக்ல பெரிய மீனைப் பிடிக்கிறது பெரிய விசயமே இல்லை. மாட்டுறது மீனோட தலையெழுத்து. அதை உள்ளே ஏத்துற கடைசி ரெண்டு நிமிசம்தான் மொத்த வித்தையும். அந்த ரெண்டு நிமிசத்தை நாம எல்லாரும் வீரக்கதையா எழுதிக்கிட்டிருக்கோம், படம் எடுத்துப் போட்டுக்கிட்டிருக்கோம். உசுருள்ள மீனை மடியில போட்டுக்கிட்டு "ஊஊ"ன்னு கத்துறது வீரம் இல்லை மக்களே. வேலை தெரியாததோட அடையாளம். இதைச் சொல்ற முதல் தகுதி எனக்குத்தான் இருக்கு, ஏன்னா முதல் குற்றவாளி நான்தான்.

இப்ப வழக்கமா வர்ற மூணு சப்பைக்கட்டைப் பார்ப்போம்.

சப்பைக்கட்டு 1: "நம்ம தாத்தனுங்க லைஃப் ஜாக்கெட்டாப் போட்டாங்க? கட்டுமரத்துல போயி சுறாவே கொண்டாரலையா?"

இதைக் கேட்டாத்தான் எனக்கு பத்திக்கிட்டு வரும். கட்டாமரன்ங்கற இங்கிலீசு வார்த்தையே நம்ம கட்டுமரத்துல இருந்து போனதுதான், பெருமைதான், மறுக்கலை. ஆனா கட்டுமரம் என்ன பொருள்னு ஒரு நிமிசம் யோசிச்சீங்களா? மரத்தடிகளைச் சேர்த்துக் கட்டினது. உள்ளே காலி இடமே கிடையாது, தண்ணி புகுந்து முழுகறதுக்கு வழியே இல்லை. அலை மேல ஏறினா இடுக்கு வழியா வடிஞ்சிரும். கவுந்தாலும் அதே மரம்தான், மறுபடி ஏறிக்கலாம். பல நேரம் ரெண்டு பேரு, மூணு பேரு இருப்பாங்க. ஒருத்தர் இழுக்க, ஒருத்தர் மரத்தைப் பார்த்துப்பாரு.

கயாக் அப்படியா? காத்தடைச்ச பிளாஸ்டிக் கூடு. அகலம் ரெண்டரை அடி, கொஞ்சம் முன்னப்பின்ன. ஒரே ஆளு, காலை நீட்டி உக்காந்திருப்பான். உள்ளே தண்ணி போச்சுன்னா கதை முடிஞ்சுது. ரெண்டும் தண்ணியில மிதக்குதுங்கறதுக்காக ஒண்ணாயிருமா?

எங்க அப்பாவோட சிநேகிதர் ஒருத்தர், பெரியப்பான்னு கூப்பிடுவோம், கன்னியாகுமரிப் பக்கம் கட்டுமரத்துல போன மனுசன். போன தடவை ஊருக்குப் போனப்ப என் ஹாலிபட் போட்டோவைப் பெருமையாக் காட்டினேன். பாராட்டுவாருன்னு பார்த்தா, "ஏலே, உசுரு அடங்காத மீனை எவம்லே மடியில வைப்பான்? கிறுக்கா?"ன்னாரு. அவ்வளவுதான். கட்டுமரப் பரம்பரையோட தீர்ப்பு அதுதான். நாம அவங்க பேரைச் சொல்லிக்கிட்டு அவங்க செய்யாததை செஞ்சுக்கிட்டிருக்கோம்.

சப்பைக்கட்டு 2: "லைஃப் ஜாக்கெட் தூண்டில் வீச இடைஞ்சலா இருக்கு. சட்டமே கயாக்ல இருந்தா போதும்னுதானே சொல்லுது?"

ஆமாம். கலிஃபோர்னியாவில ஆளுக்கு ஒண்ணு கயாக்ல இருக்கணும்னுதான் சட்டம். பெரியவங்க மாட்டியிருக்கணும்னு பொதுவா கட்டாயம் இல்லை. ஆனா கவுந்ததுக்கு அப்புறம் அந்த ஜில் தண்ணியில, மூச்சு வாங்கிக்கிட்டு, சீட்டுக்குப் பின்னாடி கட்டின முடிச்சை அவுத்து மாட்டிப் பாருங்க. தம்பியைக் கேளுங்க, சொல்வான். மீன்பிடிக்கன்னே கை வீசத் தோதா ஜாக்கெட் விக்குறாங்க. இன்னொரு விசயம்: கத்தியும், தண்ணி புகாத கையடக்க ரேடியோவும் ஜாக்கெட்டுலயே இருக்கணும், கயாக்ல இல்லை. கயாக் உங்களை விட்டுட்டுப் போயிருச்சுன்னா 16-வது சேனல்ல கூப்பிட உங்க நெஞ்சுல ரேடியோ இருக்கணும்ல?

சப்பைக்கட்டு 3: "வலையெல்லாம் சின்னப் பசங்களுக்கு. ஆம்பளைக்கு கொக்கிக் கம்புதான்."

இதுக்கு சட்டமே பதில் சொல்லுது :-) கலிஃபோர்னியா கடல்ல படகோ மிதவையோ எதுல இருந்து மீன் பிடிச்சாலும், குறைஞ்சது 18 அங்குல வாய் உள்ள கைவலை ஒண்ணு பக்கத்துல இருக்கணும். ஹாலிபட்டுக்குக் குறைந்தபட்ச அளவு 22 அங்குலம். அதுக்குக் குறைஞ்ச மீனைக் கொக்கியால குத்தவே கூடாது. குத்திட்டு அளந்து பார்த்து "அச்சச்சோ"ன்னு கடல்ல விட்டா அது செத்துரும், அப்புறம் யாருக்கு லாபம்? கொண்டு போறதுன்னு முடிவு பண்ணின மீனுக்கு மட்டும்தான் கொக்கி.

*

திட்டிட்டு மட்டும் போனா அது உள்குத்துப் பதிவாயிரும். அதனால, பெரியப்பாகிட்ட வாங்கின அடிக்கு அப்புறம் நான் ஒழுங்கா கத்துக்கிட்டதை எழுதறேன். புதுசா வர்றவங்க என் பழைய பதிவுக்குப் பதிலா இதைப் படிங்க.

1. மீன் ஓடும்போது தூண்டில் நுனி எப்பவும் கயாக்கோட முன்பக்கம் பார்த்தே இருக்கணும். முன்பக்கம் இழுத்தா மீன் உங்களை வண்டி மாதிரி கட்டி இழுத்துட்டுப் போகும், ஆபத்து இல்லை, ஜாலிதான். பக்கவாட்டுல இழுத்தா கவுக்கும். அடியில புகுந்து மறுபக்கம் போச்சுன்னா, நுனியைத் தண்ணிக்குள்ள விட்டு, மூக்கைச் சுத்திக் கொண்டு வாங்க.

2. அவசரப்படாதீங்க. மீன் சாய்ஞ்சு படுத்து, வெள்ளை வயிறு காட்டற வரைக்கும் பக்கத்துல கொண்டு வராதீங்க.

3. அதுக்குள்ள மேடையைத் தயார் பண்ணுங்க. ரெண்டாவது தூண்டில் பின்னாடி, துடுப்பு கட்டி, மூடி எல்லாம் பூட்டி. வலை, கொக்கி, கட்டை எல்லாம் கயித்துல கட்டி கைக்கு எட்டுற இடத்துல. மிதிக்கிற கயாக்னா அடியில இருக்கிற துடுப்புகளை மடக்கிருங்க, தங்கூசி சிக்கும்.

4. மீன் பக்கத்துல வந்ததும் ரீல் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்துங்க. இதைத்தான் யாருமே செய்யறதில்லை. கடைசி உதை எப்பவும் உண்டு. அந்த உதைக்கு நரம்பு ஓடணும். ஓட வழியில்லைன்னா ஒண்ணு தூண்டில் ஒடியும், இல்லை நீங்க கவுருவீங்க. தம்பி கவுந்தது இங்கேதான்.

5. தங்கூசியைக் கையில சுத்தவே சுத்தாதீங்க. உங்க உடம்புக்கும் மீனுக்கும் நடுவுல அவுக்க முடியாத எந்த இணைப்பும் இருக்கக் கூடாது. 2023 ஜனவரியில ஹவாய்ல பெரிய தீவுக்குப் பக்கத்துல ஒரு அனுபவசாலி பெரிய சூரை மீன் மாட்டினப்ப படகுல இருந்தே கடலுக்குள்ள போயிட்டாரு. கூட ஆளு இருந்தும் காப்பாத்த முடியலை. அது படகு. இது கயாக்.

6. உங்க தலை கயாக்கோட ஓரத்தைத் தாண்டக் கூடாது. தலை எங்கே போகுதோ உடம்பு அங்கே போகும், உடம்பு எங்கே போகுதோ கயாக் அங்கே போகும். மீனைத்தான் உங்ககிட்ட கொண்டு வரணும், நீங்க அதுகிட்ட போகக் கூடாது. தலை முதல்ல வலைக்குள்ள வரட்டும். வால்ல இருந்து வலை போட்டா மீன் முன்னாடி பாய்ஞ்சிரும்.

7. கொக்கின்னா தாடைப் பக்கம், தலைப் பக்கம். யெல்லோடெயிலுக்குப் போடற இரும்புத் தூண்டில்ல மூணு முள்ளு இருக்கும். மீனோட வாயில ஒண்ணு, உங்க தொடையில ஒண்ணுன்னு மாட்டினா அந்தக் காட்சியை நினைச்சுப் பாருங்க.

8. தண்ணியில வச்சே கட்டையால தலையில ரெண்டு போடு. தாடையில கயிறு. செவுளை அறுத்து ரத்தம் வடிய விடுங்க, கறியும் நல்லா இருக்கும். அந்தக் கயிறு கயாக்ல, இழுத்தா அவுர்ற மாதிரி இருக்கணும், இடுப்புல இல்லை. ரத்தம் வடிய வடிய தொங்க விட்டுக்கிட்டே ஊர்வலம் போகாதீங்க. லா ஹோயாவில கடல் சிங்கம் கூச்சமே இல்லாம பிடுங்கிட்டுப் போகும். அதோட கடல்ல மூக்குள்ளவங்க வேற ஆளுங்களும் இருக்காங்க. 2013 டிசம்பர்ல மௌயிக்கும் மொலோகினிக்கும் நடுவுல, கயாக்ல இருந்து காலைத் தொங்கப் போட்டு மீன் பிடிச்சுக்கிட்டிருந்தவரைச் சுறா கடிச்சு அவர் செத்தே போனாரு. சமநிலைக்காக ரெண்டு காலையும் ரெண்டு பக்கம் போடறது நல்ல முறைதான், ஆனா வேலை முடிஞ்சதும் காலை உள்ளே எடுங்க.

9. அப்புறம்தான் மீன் உள்ளே. தூக்க வேணாம், சறுக்கி ஏத்துங்க, உடம்பை மறுபக்கம் சாய்ச்சுக்கிட்டு. ஐஸ் பையில போட்டு, பாரம் நடுவுல, தாழ்வா. கரையேறும்போது அலை உடையற இடத்துக்கு முன்னாடியே கொக்கி, தூண்டில், மீன் எல்லாத்தையும் கட்டுங்க. அலையில கவுந்து, கட்டாத கொக்கி கூடவே உருண்டு வர்றது நல்ல அனுபவம் இல்லை.

10. கடைசியா, அறுக்கக் கத்துக்கோங்க. வாலைச் சாட்டை மாதிரி வீசற திரெஷர் சுறா மாட்டுச்சா, அறு. கலிஃபோர்னியாவில பாதுகாக்கப்பட்ட ராட்சத கடல் பாஸ் மாட்டுச்சா, தண்ணியில வச்சே விடு. காத்து ஏறிடுச்சா, உடம்பு நடுங்குதா, அறு. முப்பது டாலர் தூண்டில் போனா போகட்டும்.

*

"அப்ப நீங்க பயந்துட்டீங்க, அதான்"னு சிலர் வருவீங்க. ஆமாய்யா, பயந்துட்டேன். பயத்தோட போறவன்தான் திரும்பி வந்து பதிவு எழுதறான். ஆனா ஒண்ணைக் கவனிங்க. நான் யாரையும் போகாதேன்னு சொல்லலை. நானே அடுத்த வாரம் போறேன். தம்பியும் வர்றான், ஜாக்கெட் மாட்டிக்கிட்டு. முதல் ரெண்டு மணி நேரம் தூண்டிலே போடப் போறதில்லை. கரையோரம் கவுத்துக் கவுத்து ஏறிப் பழகப் போறோம். இதை அவன்தான் கேட்டான். எனக்கு நாலு வருசம் முன்னாடியே தோணியிருக்கணும்.

நம்ம ஆளுங்க எழுதறதை யாரு படிக்கப் போறான்னு நினைச்சுத்தான் நாம எல்லாரும் கொஞ்சம் உப்பு, கொஞ்சம் காரம், நிறைய பில்டப் சேர்க்கிறோம். நானும் அந்தக் கணக்குலதான் அன்னிக்கு எழுதினேன். படிச்ச அத்தனை பேருல ஒருத்தன் அதை செய்முறைன்னு எடுத்துக்கிட்டான். அந்த ஒருத்தனை நினைச்சு எழுதுங்க மக்களே. மலை ஏறினதையோ, பைக்ல பறந்ததையோ, எதை வேணா எழுதுங்க. ஆனா அதிர்ஷ்டத்தைத் திறமைன்னு எழுதாதீங்க.

அன்னிக்கு என் மடியில விழுந்தது மகாலட்சுமி இல்லை. வெறும் அதிர்ஷ்டம்.

டிஸ்கி 1: தம்பி இப்ப நலம். பேர் போட வேணாம்னுட்டான். யாருன்னு துப்பறியாதீங்க.

டிஸ்கி 2: அந்த யெல்லோடெயில் தப்பிச்சிருச்சு. வாயில முள்ளோட எங்கேயோ சுத்திக்கிட்டிருக்கும். அதுகிட்டயும் ஒரு மன்னிப்பு பாக்கி.

டிஸ்கி 3: கும்ம வர்றவங்க வரலாம். ஜாக்கெட் மாட்டிக்கிட்டு வாங்க :-)